ஒரு பெட்டி சாளையும் பத்துப் பெட்டிக் கணக்கும்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தில் கிரேன்களுக்கு மின்வேலை பார்க்க வந்து சேர்ந்த முதல் ஆண்டு, ஜூன் கடைசியில், ஒரு பெட்டி சாளையை 1,200 ராண்டு கொடுத்து வாங்கினேன். நான் தூத்துக்குடிக்காரன். எங்கள் ஊரில் சாளை என்பது மாதக் கடைசியில் கை காய்ந்து கிடக்கும்போது வாங்குகிற மீன். (மத்தி என்றால்தான் சிலருக்குப் புரியும், கடலூர்ப் பக்கம் கவலை என்பார்கள்.) அதற்குப் போய் 1,200 ராண்டு கொடுத்தேன் என்று சொன்னால் அம்மா இன்றைக்கும் நம்ப மாட்டாள். அந்தப் பெட்டியில் முக்கால்வாசியை மறுநாள் கொல்லையில் குழி தோண்டிப் புதைத்தேன். மீதியில் நான் தின்ற நாலு மீன் என்னை மருத்துவரிடம் கொண்டுபோய் விட்டது.

கடலில் யார் யாரைத் தின்கிறார்கள், அதில் எவ்வளவு கணக்கில் சேர்கிறது, எவ்வளவு வீணாகிறது என்பதெல்லாம் எனக்குப் புரிய ஆரம்பித்தது அந்தப் பெட்டியிலிருந்துதான். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், நடுவில் கற்றுக்கொண்டதும் வரும்.

இந்த ஊரில் மே பிறந்ததுமே பேச்சு மாறிவிடும். வேலையிடத்தில், கோயிலில், மளிகைக் கடையில், எங்கே போனாலும் சாளை எதுவரைக்கும் வந்திருக்கிறது என்றுதான் விசாரிப்பார்கள். நாட்டின் தென்கோடியான கேப் பக்கத்துக் குளிர்ந்த கடலில் வாழும் சாளையில் ஒரு பகுதி, குளிர்காலம் வந்ததும் (இங்கே அது ஜூன், ஜூலை) கிழக்குக் கேப் கரையை ஒட்டியே மேலேறி, டர்பன் இருக்கும் குவாசுலு நடால் மாகாணத்துக் கரை வரைக்கும் வந்துவிடும். பின்னாலேயே ஓங்கில் (டால்பின்), சுறா, திமிங்கிலம், கேனட் என்கிற வெள்ளைக் கடற்பறவை என்று ஒரு தேர்க்கூட்டமே வரும். சாளை கரையை நெருங்கினால் கரைவலைக்காரர்கள் படகில் போய் வலையை அரைவட்டமாக வளைத்துவந்து இரண்டு முனையையும் மணலில் நின்று இழுப்பார்கள். நம் ராமநாதபுரம் கரையில் பார்க்கிற அதே கரைவலைதான். சில ஆண்டு கூட்டம் கரைக்கு வரவே வராது, காத்திருந்து ஏமாந்து போவார்கள்.

அன்றைக்கு ஸ்காட்பர்க்கில் வந்துவிட்டது என்று வாட்ஸப்பில் செய்தி வந்ததும் நானும் கூட வேலை பார்க்கும் ஒரு தம்பியும் காரை எடுத்துக்கொண்டு ஓடினோம். டர்பனிலிருந்து தெற்கே 60 கிலோமீட்டர் இருக்கும். கடற்கரையில் திருவிழாக் கூட்டம். வலை கரையை நெருங்க நெருங்க மணலுக்கும் தண்ணீருக்கும் நடுவே வெள்ளியை உருக்கி ஊற்றினது போல இருந்தது. சனங்கள் வாளி, பிளாஸ்டிக் பை, கழற்றின சட்டை, எது கையில் கிடைத்ததோ அதோடு தண்ணீருக்குள் பாய்ந்து சிதறின மீனை அள்ளினார்கள். நானும் இடுப்பளவு தண்ணீரில் நின்றேன். (அது எவ்வளவு பெரிய பைத்தியக்காரத்தனம் என்று பிறகு சொல்கிறேன்.)

வலை இழுத்தவர்களில் நம் முகங்கள் நிறைய இருந்தன. 1860-இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் கரும்புத் தோட்டத்துக்கு ஆட்கள் வந்தார்களே, அதற்குப் பிறகு ஒப்பந்தம் முடிந்தவர்களில் சில குடும்பங்கள் டர்பன் குடாவில் மீன்பிடிக்கப் போய்விட்டன. குடாவுக்குள் இருந்த சாலிஸ்பரி தீவில் குடிசை போட்டு இருந்தவர்களை, இரண்டாம் உலகப் போரின்போது கடற்படைத் தளம் வருகிறது என்று கிளப்பிவிட்டார்கள். அப்படி ஒரு குடும்பத்துப் பெரியவர்தான் எனக்குப் பெட்டி விற்றவர். நான் தம்பியிடம் தமிழில் பேசியது காதில் விழுந்ததும், "ஊர்லருந்து வந்தவங்களா? எனக்குக் கொஞ்சம்தான் பேச வரும். பேரப்புள்ளைங்களுக்கு அதுவும் இல்ல" என்றார். தாத்தா என்று கூப்பிட ஆரம்பித்தேன், இன்றைக்கு வரைக்கும் அப்படித்தான். பெட்டியைக் கையில் கொடுத்து, "ஐஸ் கொண்டாந்தியா தம்பி?" என்று கேட்டார். வீடு பக்கம்தான் தாத்தா என்று வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல் சொல்லிவிட்டேன்.

பக்கமா அது? வழியில் அமன்சிம்டோட்டியில் டீ குடிக்க நின்றோம், சாட்ஸ்வொர்த்தில் தெரிந்தவர் வீட்டில் நாலு மீன் கொடுக்கப் போய் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். டர்பனின் குளிர்காலம் நம் ஊர் மார்கழிப் பகல் மாதிரி, வெயில் சுள்ளென்று அடிக்கும். கார் டிக்கியில் மூன்றரை மணி நேரம் ஐஸ் இல்லாமல் கிடந்தது அந்தப் பெட்டி. வீட்டுக்கு வந்து அரைப் பெட்டியைக் கழுவும்போதே பல மீன்களுக்கு வயிறு பிய்ந்திருந்ததைப் பார்த்தேன். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் மஞ்சள், மிளகாய், உப்பு போட்டு வறுத்துச் சாப்பிட்டேன். மனைவிக்கு அன்று வெள்ளிக்கிழமை விரதம், மகளுக்கு மீன் முள் பயம், இரண்டு பேரும் தப்பித்தார்கள்.

அரை மணி நேரத்தில் முகம் சிவந்து, காது சுட்டு, நெஞ்சு படபடவென்று அடித்து, தலை பிளந்துகொண்டு வந்தது. மீன் ஒவ்வாமை என்று நினைத்தேன். பிறந்ததிலிருந்து மீன் தின்கிறவனுக்குத் திடீரென்று என்ன ஒவ்வாமை? மருத்துவர் ஊசி போட்டுவிட்டு, மீன் எத்தனை மணி நேரம் வெளியே இருந்தது என்றுதான் முதலில் கேட்டார். சாளை, அயிலை, சூரை மாதிரி மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் நிறைய இருக்கிறது. மீன் செத்ததும் அதன் செவுளிலும் குடலிலும் இருக்கும் பாக்டீரியா பெருகி அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும், என் முகத்தைச் சிவக்க வைத்தது அதுதான். ஒருமுறை ஹிஸ்டமின் உண்டாகிவிட்டால் வறுத்தாலும் போகாது, புளியில் கொதிக்க வைத்தாலும் போகாது, பிறகு ஃப்ரீசரில் வைத்தாலும் போகாது. நன்றாக வேகவைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது நம் வீடுகளில் வழிவழியாக வரும் நம்பிக்கை, இந்த ஒரு விஷயத்தில் அது பலிக்காது. நாக்கில் மிளகு பட்டதுபோல சுருக்கென்று இருந்தால் துப்பிவிடுங்கள். அப்படி இருந்தால்தான் கெட்டது என்றும் இல்லை, என் மீன் நல்ல ருசியாகவே இருந்தது.

மறுநாள் மீதியைக் கொல்லையில் வாழைக்கன்றுக்குப் பக்கத்தில் புதைத்தேன். ஒரு அடிக்குத்தான் தோண்டினேன். இரவில் அக்கம்பக்கத்து நாய்கள் தோண்டி எடுத்து வாசல் வரைக்கும் இழுத்துப்போட்டன, தெருவே நாறியது. மறுபடி இரண்டரை அடி தோண்டி, மேலே கல் வைத்தேன்.

அதே வாரம் மகளுக்கு வீட்டுப்பாடம். இங்கே 10-ஆம் வகுப்பு உயிர் அறிவியலில் உணவுச் சங்கிலி, ஆற்றல் ஓட்டம் என்று ஒரு பாடம் உண்டு. நோட்டில் ஒரு பிரமிடு வரைந்து, அடியில் நுண்பாசி, அதற்கு மேலே சிறு உயிர்கள், அதற்கு மேலே சிறிய மீன், பெரிய மீன், உச்சியில் சுறா என்று எழுதியிருந்தாள். ஒவ்வொரு படி ஏறும்போதும் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு ஆற்றல்தான் மேலே போகும் என்று பக்கத்தில் ஒரு குறிப்பு. "அப்பா, அப்போ நம்ம பெட்டிக்கு எவ்வளவு?" என்று கேட்டாள். அவள் சும்மாதான் கேட்டாள், எனக்குத்தான் சுருக்கென்று தைத்தது.

போட்டுப் பார்த்தோம். பெட்டியில் 20 கிலோ சாளை. சாளை வாயைத் திறந்துகொண்டே நீந்தி, செவுள் சல்லடையில் தண்ணீரை வடிகட்டித் தின்கிற மீன். அதற்குப் பெரும்பாலும் தீனி கோபிபாட் என்கிற பிளாங்டன், அரிசிமணியை விடச் சின்ன உயிர். 20 கிலோ சாளை வளர 200 கிலோ கோபிபாட் வேண்டும். 200 கிலோ கோபிபாட் வளர 2,000 கிலோ நுண்பாசி. இரண்டு டன்! சாளை கொஞ்சம் பாசியையும் நேராகவே தின்னும் என்பதால் உண்மைக் கணக்கு இதைவிடச் சற்றுக் குறையும். பத்து என்பதும் சராசரிதான், இடத்துக்கு இடம் ஐந்தும் இருக்கும், இருபதும் இருக்கும். 1995-இல் டேனியல் பாலியும் வில்லி கிறிஸ்டென்சனும் உலகின் பல நீர்நிலைக் கணக்குகளைச் சேர்த்துப் பார்த்தபோது சராசரி 10.1 சதவீதம் என்று வந்ததாம், அதனால் பத்து என்று வைத்துக்கொள்வதில் தப்பில்லை. மொத்தத்தில், நான் குழியில் போட்ட 15 கிலோவுக்காகக் கடல் ஒன்றரை டன் பாசியைச் செலவழித்திருக்கிறது. 1,200 ராண்டு போனது அதற்குப் பிறகு எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

மீதி ஒன்பது பங்கு எங்கே போகிறது என்று மகள் கேட்டாள். எங்கும் போகவில்லை, செலவாகிவிட்டது. சம்பளம் வாங்கிச் சாப்பிட்டு, வாடகை கட்டி, பெட்ரோல் போட்டது போக மாதக் கடைசியில் சேமிப்பு என்று கொஞ்சம் நிற்கிறதே, அந்தக் கொஞ்சம்தான் உடம்பாகிறது. அந்த உடம்பைத்தான் அடுத்தவன் தின்ன முடியும். நீந்துவது, மூச்சு விடுவது, முட்டையிடுவது எல்லாம் செலவு, கடைசியில் அது வெப்பமாகத் தண்ணீரில் கலந்துவிடும். தின்றதில் செரிக்காதது எச்சமாகப் போகும். யாரும் தின்னாமலே செத்து அடியில் படிவது வேறு. இந்தக் கணக்கை முதலில் ஒழுங்காகப் போட்டவர் ரேமண்ட் லிண்டமன் என்ற அமெரிக்க இளைஞர், மின்னசோட்டாவில் ஒரு சின்ன ஏரியை வைத்து. கட்டுரை வெளிவந்தது 1942-இல், அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. 27 வயதுகூட நிரம்பவில்லை.

இங்கே ஒரு குழப்பம் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாடப்புத்தகம் இதைத் தாண்டிப் போய்விடுகிறது. அடித்தட்டில் பாசி இரண்டு டன் என்றால் கடல் முழுக்கப் பாசியாக மிதக்க வேண்டாமா? கடலில் ஒரு நேரத்தில் எடை போட்டால் பாசியை விட அதைத் தின்னும் உயிர்கள் அதிக எடை இருக்கிற இடங்களும் உண்டு, பிரமிடு தலைகீழாக நிற்கும். எனக்கு இது விளங்கியது ஊரில் பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த இட்லிக் கடையை நினைத்துப் பார்த்தபோதுதான். எந்த நேரம் போனாலும் தட்டில் இருபது இட்லிக்கு மேல் இருக்காது, உட்கார்ந்திருப்பவர்கள் முப்பது பேர். ஆனாலும் காலை பத்து மணிக்குள் ஐந்நூறு இட்லி போயிருக்கும், ஏனென்றால் அடுப்பு நிற்பதே இல்லை. நுண்பாசி அந்த அடுப்பு மாதிரி. சில நாளிலேயே ஒன்று இரண்டாகிவிடும், ஆகும் வேகத்தில் தின்னப்பட்டும் விடும். உலகிலுள்ள தாவர எடையில் நூற்றில் ஒரு பங்குதான் அது இருக்கும், ஆனால் ஒளிச்சேர்க்கையில் ஏறத்தாழ பாதியைச் செய்துவிடுகிறது. இருப்பைப் பார்த்து எடை போடாதே, ஓட்டத்தைப் பார் என்று மகளுக்குச் சொன்னேன். ஆசிரியை அதற்கு மதிப்பெண் கொடுக்கவில்லை, அது வேறு கதை.

அந்த ஆண்டு ஆகஸ்டிலிருந்து தாத்தா வீட்டுக்கு அவ்வப்போது போக ஆரம்பித்தேன். ஆடி மாதம், மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் காலம், அவர் வீட்டில் அப்போது மீன் வாசனையே இருக்காது, அதனால் பேச்சு நிறைய நடக்கும். ஒருநாள் டர்பனில் கடலோரமாக உயர்ந்து நிற்கும் ப்ளஃப் மேட்டில் நின்று கடலைக் காட்டி, "இந்த நீலத் தண்ணிய பாத்தியா? அழகாத்தான் இருக்கும். பட்டினித் தண்ணி" என்றார். டர்பன் கரையை ஒட்டி வடக்கிலிருந்து தெற்கே ஓடுவது அகுலாஸ் நீரோட்டம் (எங்கள் ஊர்க் கடலோடிகள் நீவாடு என்பார்கள்). வெதுவெதுப்பான நீர், அடிவரைக்கும் தெளிவாகத் தெரியும். தெளிவாகத் தெரிகிறது என்றாலே பாசி இல்லை என்று அர்த்தம். வெயில் தாராளமாக இருக்கிறது, ஆனால் நைட்ரேட், பாஸ்பேட் போன்ற உரச்சத்து மேல்மட்டத்தில் இல்லை. செத்ததெல்லாம் அடியில் போய்ப் படிந்துவிடுகிறது, வெதுவெதுப்பான மேல்நீர் மூடி போட்டதுபோல அதை மேலே வர விடுவதில்லை.

அந்தப் பக்கம் மேற்குக் கரையில் கதையே வேறு. அங்கே பெங்குவேலா நீரோட்டம். தென்கிழக்குக் காற்று அடிக்கும்போது மேல்நீர் கரையை விட்டு விலகிப்போகிறது, அந்த இடத்தை நிரப்ப அடியிலிருந்து குளிர்ந்த, சத்து நிறைந்த நீர் மேலே வருகிறது. தண்ணீர் பச்சை, கலங்கல், காலை வைத்தால் எலும்பு குத்தும். உலகில் இப்படிப்பட்ட பெரிய இடங்கள் நாலுதான்: இது, பெரு சிலிக் கரை, கலிபோர்னியா, வடமேற்கு ஆப்பிரிக்கா. செயின்ட் ஹெலினா குடாவில் வரிசையாக மீன் தொழிற்சாலைகள் நிற்பதற்குக் காரணம் அந்தக் கலங்கல்தான். இங்கே சங்கிலியும் குட்டை. பாசியின் உருவமே பெரிது, டயட்டம் எனப்படும் வகை, அதை கோபிபாட் தின்ன, கோபிபாடைச் சாளை தின்னும், இரண்டு படிதான். நீலக்கடலில் பாசி மிகப் பொடிசு, அதைத் தின்ன ஒரு நுண்ணுயிர், அதைத் தின்ன இன்னொன்று என்று மீன் வாய்க்கு வருவதற்குள்ளேயே நாலைந்து படி ஆகிவிடும். ஒவ்வொரு படியிலும் பத்தில் ஒன்பது போனால் கடைசியில் என்ன மிஞ்சும்? நம் ஊர்க்காரர்களுக்கும் இது புதிதில்லை. கேரளா, கன்னியாகுமரிக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும்போது இதே மாதிரி அடிநீர் மேலே வரும், நெய்ச்சாளை அதை நம்பித்தான் வாழ்கிறது. (அது வேறு இனம், இங்கே வருவது வேறு இனம், ருசியிலேயே தெரியும். நம்முடையதில்தான் எண்ணெய் சொட்டும். இது என் கட்சி.)

அப்படியானால் சோறு நிறைய உள்ள ஊரை விட்டு இந்தச் சாளை ஏன் பட்டினித் தண்ணீருக்கு வருகிறது? இதுதான் எனக்கு ரொம்ப நாள் புரியாமல் இருந்தது. குளிர்காலத்தில் கரைக்கும் அகுலாஸ் நீரோட்டத்துக்கும் நடுவே ஒரு சந்து மாதிரி குளிர்ந்த நீர் உண்டாகும். அந்தச் சந்துக்குள் சாளை நுழைந்துவிடுகிறது. 2021-இல் வந்த ஒரு மரபணு ஆய்வு, இப்படி வருபவை பெரும்பாலும் மேற்குக் கரையின் குளிர்நீருக்குப் பழகின வம்சம் என்று காட்டியது. குளிர்நீர் என்று நம்பி வந்தால், வந்து சேர்வது வெந்நீர்க் கடல். ஒரு பக்கம் சூடான நீரோட்டம், இன்னொரு பக்கம் கரை, பின்னால் ஆயிரக்கணக்கான வாய்கள். ஆய்வாளர்கள் இதைப் பொறி என்றே சொல்கிறார்கள். எலிப்பொறியில் மசால்வடை வைப்பதுபோல இங்கே குளிர்ந்த தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தாத்தாவிடம் இதைச் சொன்னபோது, "பாவம், நம்மாளு கரும்புக்கு வந்த மாதிரி வந்துருக்கு" என்றார், சிரிக்கவில்லை.

இனி அந்த இடுப்பளவுத் தண்ணீர் விஷயம். டர்பன் பக்கத்துக் குளிக்கும் கரைகளில் சுறாவுக்கு வலை கட்டியிருப்பார்கள், 1964-இல் இதற்கென்றே ஒரு வாரியம் அமைத்தார்கள். சாளை நெருங்கும்போது அந்த வலைகளை வாரியமே எடுத்துவிடும், இல்லாவிட்டால் கூட்டத்தின் பின்னால் வரும் ஓங்கில்களும் சுறாக்களும் மொத்தமாகச் சிக்கிச் செத்துப்போகும். ஆக, சுறா மிக அதிகமாக இருக்கும் நாளில்தான் கரையில் வலை இல்லை, அன்றைக்குத்தான் நான் சட்டைக்குள் சாளையைக் கட்டிக்கொண்டு நின்றேன். குளிக்கத் தடை என்று பலகை போட்டிருந்ததை மறுவருஷம்தான் கவனித்தேன். கரைவலைக்காரர்கள் வலையின் வயிற்றுப் பக்கம் சும்மா போய் நிற்க மாட்டார்கள், அவர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம்.

பறவையைப் பார்க்கவும் தாத்தாதான் சொல்லிக்கொடுத்தார். கேனட் நேர்கோட்டில் ஒரே திசையில் பறந்தால் அது பயணம், மீன் இன்னும் தூரம். வட்டமடித்தால் நின்று பார். உயரத்திலிருந்து இறக்கையை மடக்கி அம்பு மாதிரி விழுந்தால் மீன் ஆழத்தில், தாழ்வாகச் சாய்ந்து விழுந்தால் மேலேயே இருக்கிறது. ஓங்கில்கள் கீழிருந்து சாளையை உருட்டிப் பந்தாக்கி மேலே தள்ளும், அப்போதுதான் பறவைக்கு எட்டும். அந்தப் பந்து சில நிமிடத்தில் தீர்ந்துவிடும். இவ்வளவு அவசரம் எதற்கு என்றால், பறவையும் ஓங்கிலும் வெப்ப இரத்த உயிர்கள், குளிர்ந்த தண்ணீரிலும் உடம்பைச் சூடாகவே வைத்திருக்க வேண்டும். தின்பதில் நூற்றில் ஒன்று முதல் மூன்று பங்குதான் அவற்றுக்கு உடம்பாகச் சேரும், மீனுக்குப் பத்துப் பங்கு வரை சேரும். எப்போதும் என்ஜின் ஓடிக்கொண்டே நிற்கிற லாரி மாதிரி. அதனால்தான் உச்சியில் இருப்பவை எண்ணிக்கையில் எப்போதும் கொஞ்சம், அதற்கு மேலே இன்னொரு படி கட்டக் கணக்கில் பணம் இல்லை.

ஒரு உயிர் மட்டும் இந்தச் சாளைக் களேபரத்துக்குச் சம்பந்தமில்லாத மாதிரி போகும், கூனல் முதுகுத் திமிங்கிலம். ப்ளஃப் மேட்டிலிருந்து ஜூன் முதல் நவம்பர் வரை பார்க்கலாம், மூச்சை ஆவியாகப் பீச்சிக்கொண்டு வடக்கே மொசாம்பிக் பக்கம் குட்டி போடப் போகும். அண்டார்டிக்காவில் கோடையில் தின்ற கிரில்லை (இறால் மாதிரி ஒரு சின்ன உயிர்) கொழுப்பாகச் சேர்த்து வைத்து, வழியில் பெரும்பாலும் பட்டினியாகவே வந்து, அந்தக் கொழுப்பிலிருந்தே குட்டிக்குப் பால் கொடுத்துவிட்டுத் திரும்பும். பாசி, கிரில், திமிங்கிலம் என்று அங்கேயும் இரண்டே படி, அதனால்தான் அவ்வளவு பெரிய உடம்பு முடிகிறது. நான் குடியிருக்கிற இதே ப்ளஃபில் 1975 வரை திமிங்கில வேட்டை நிலையம் ஓடியது. அந்தக் கொழுப்பையெல்லாம் இங்கேதான் எண்ணெயாக உருக்கியிருக்கிறார்கள்.

இதிலிருந்து என் சமையலறைக்கு வந்த மாற்றம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஊரில் பெரிய மீன்தான் கௌரவம், விருந்தாளி வந்தால் வஞ்சிரத் துண்டு போடாவிட்டால் குறை. டர்பனிலும் அப்படித்தான், இங்கே கூட்டா என்பார்கள். ஒரு கிலோ வஞ்சிரத்துக்குப் பின்னால் பத்துக் கிலோ சாளை இருக்கிறது என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ஆற்றல் படி ஏற ஏறக் குறைகிறது, பாதரசம் படி ஏற ஏறக் கூடுகிறது. தின்ற ஆற்றலை உடம்பு செலவழித்துவிடும், பாதரசத்தைச் செலவழிக்க வழியில்லை, அது சதையிலேயே தங்கிவிடும். பத்துக் கிலோவில் இருந்ததில் பெரும்பகுதி ஒரு கிலோவுக்குள் வந்து உட்காரும். சுறா, வாள்மீன், பெரிய சூரை இவற்றைக் கர்ப்பிணிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் கொடுக்கக் கூடாது என்பது இதனால்தான். பிள்ளை பெற்ற வீட்டில் பால்சுறாப் புட்டு செய்யும் நம் பழக்கம் எனக்கும் பிடித்ததுதான். சின்னச் சுறாவில் பெரும்பாலும் பாதரசம் குறைவு. பெரிய சுறாவில் செய்வதை நாங்கள் நிறுத்திவிட்டோம்.

சாளைக்குப் பின்னால் ஷாட் என்ற மீன் கூட்டமாக வரும், தூண்டிலில் பிடிக்கலாம். அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும், ஒரு நாளைக்கு ஆளுக்கு நாலுதான், 30 சென்டிமீட்டருக்குக் குறைந்ததை விட்டுவிட வேண்டும், அக்டோபர் நவம்பரில் பிடிக்கவே கூடாது, விற்கவும் கூடாது. கடுமையாகத் தெரியும், ஆனால் ஒரு ஷாட்டை எடுக்கும்போது எத்தனை சாளையை எடுக்கிறோம் என்று பார்த்தால் நாலே அதிகம்தான்.

போன ஆண்டு பள்ளி விடுமுறையில் கேப் டவுனுக்குப் போய் சைமன்ஸ் டவுனில் பென்குயின் பார்த்தோம். 1982-இல் இரண்டே ஜோடியோடு தொடங்கின குடியிருப்பு அது. பார்க்க வேடிக்கையாக இருக்கின்றன, ஆனால் ஆப்பிரிக்கப் பென்குயினை 2024-இல் மிக ஆபத்தான நிலையில் உள்ள இனம் என்று பட்டியலில் ஏற்றிவிட்டார்கள். அதற்குச் சாப்பாடு சாளையும் நெத்திலியும். சாளை இடம் மாறுவதும் வலைகள் அள்ளுவதும் சேர்ந்து அதன் வாய்க்கு எட்டாமல் செய்துவிட்டன. 2011-இல் பிலிப் கூரியும் உடனிருந்தவர்களும் உலகின் ஏழு கடற்பகுதிகளில் 14 வகைப் பறவைகளை ஆராய்ந்து, இரைமீன் அதிகபட்ச அளவில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போனால் குஞ்சு பொரிப்பது சரிகிறது என்று கண்டார்கள். 2025 மார்ச்சில் இங்குள்ள நீதிமன்ற உத்தரவின்படி ஆறு குடியிருப்புகளைச் சுற்றிச் சாளை, நெத்திலி பிடிக்கப் பத்து ஆண்டுத் தடை வந்திருக்கிறது. இந்தப் பிரமிடில் படிக்குப் படி நிற்கும் எல்லாருக்கும் பந்தி உண்டு, முதல் பந்தியிலேயே அண்டாவைக் காலி செய்தால் கடைசிப் பந்திக்காரன் எங்கே போவான்?

இப்போதும் சாளை வாங்குகிறேன். முதல் நாள் போவதில்லை, பத்து நாள் பொறுத்தால் 1,200 சொன்ன பெட்டி 400-க்கு வந்துவிடும். முழுப் பெட்டி வாங்குவதுமில்லை, நாலு வீடு சேர்ந்து ஒன்று. காரில் பெரிய ஐஸ் பெட்டி, மீன் எவ்வளவோ அவ்வளவு ஐஸ், ஒரு வரிசை மீன், ஒரு வரிசை ஐஸ். கண் துருத்தி, கறுப்பு பளிச்சென்று இருக்க வேண்டும், செவுள் சிவப்பாக இருக்க வேண்டும், வயிறு முழுசாக இருக்க வேண்டும். வயிறு வெடித்த சாளை, பிடிபடும்போது வயிறு நிறையத் தின்றிருந்தது என்று அர்த்தம். செத்த பிறகு அதன் சொந்தச் செரிமான நீரே வயிற்றுச் சுவரைத் தின்னத் தொடங்கிவிடும், ஐஸ் தாமதமானால் இன்னும் சீக்கிரம். அப்படிப்பட்டதை நான் எடுப்பதில்லை. வீட்டுக்கு வந்ததும் குடலை எடுத்துக் கழுவி, அன்றைக்குச் சமைக்காததை உடனே ஃப்ரீசரில் போட்டுவிடுவோம். மாங்காய், கத்தரிக்காய் போட்டு டர்பன் பாணியில் குழம்பு வைக்க மனைவி பக்கத்து வீட்டு அக்காவிடம் கற்றுக்கொண்டாள், ஊர்க் குழம்பை விட நன்றாக இருக்கிறது என்பதை அம்மாவிடம் மட்டும் சொல்லவில்லை.

அந்த வாழைக்கன்று என்ன ஆனது என்று கேட்பீர்கள். நாசமாய்ப் போன 15 கிலோவில் ஆற்றல் என்று இருந்ததைப் புழுவும் பாக்டீரியாவும் தின்று வெப்பமாக்கித் தீர்த்துவிட்டன, அது திரும்பி வராது. ஆனால் நைட்ரஜனும் பாஸ்பரசும் எங்கும் போகாது, மண்ணில் இறங்கி வேர் வழியாக மேலே வந்தன. ஆற்றல் ஒருவழிப் பாதை, சத்து சுற்றுப் பாதை என்று மகள் பாடத்தில் படித்ததை அந்த வாழையைக் காட்டித்தான் எனக்கு விளக்கினாள். மேற்குக் கரையில் அடிநீர் மேலே கொண்டு வருவதும் இதே உரச்சத்தைத்தான், புது வெயிலில் அது மறுபடி பாசியாகிறது. அடுத்த ஆண்டு அந்த வாழை ஆள் உயரத்துக்கு மேல் போய் ஒரு பெரிய குலை தள்ளியது. ஒன்பது சீப்பு எண்ணினேன். ஞாயிற்றுக்கிழமை வெட்டலாம் என்று விட்டு வைத்திருந்தேன், சனிக்கிழமை காலை ப்ளஃப் காட்டுக் குரங்குகள் பதினைந்து பேர் குடும்பத்தோடு வந்து, பழுத்த இரண்டு சீப்பைத் தின்றுவிட்டு மீதியை ஒரு கடி கடித்துக் கடித்து முற்றம் முழுக்க எறிந்துவிட்டுப் போய்விட்டன.